ஸ்ட்ரட் பார் போட்டால் வண்டி உண்மையிலேயே வளைவில் பிடிக்குமா? (சிட்டி கோல்ஃப், இ30, எம்எக்ஸ்-5)

சாட்ஸ்வர்த்_சிட்டி (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஃபோக்ஸ்வாகன் 1.8 சிட்டி கோல்ஃப் (முதல் தலைமுறை கோல்ஃப்தான்) இருக்கிறது. ஷாக், ஸ்பிரிங் மாற்றியாயிற்று, டயரும் புதுசு. ஞாயிறு காலையில் ஓல்டு மெயின் ரோட்டில் போத்தாஸ் ஹில் ஏறி மேரிட்ஸ்பர்க் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவேன். வேகமாக வளைவுக்குள் திருப்பும்போது முன்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. நடுவில் ஒரு பள்ளம் வந்தால் ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது.

தெரிந்த பையன் ஒருவன் பழைய ஸ்ட்ரட் பார் (முன் ஸ்பிரிங்-ஷாக்கின் தலைகள் பாடியில் பிடித்திருக்கும் மேடுகளான இரண்டு டவர்களையும் பானெட்டுக்குள் இணைக்கிற குழாய்) வைத்திருக்கிறான். 1,500 ராண்ட் கேட்கிறான். "இதை மாட்டினால் சேசிஸ் விறைப்பு இரட்டிப்பாகிவிடும்" என்கிறான். மாமாவோ, "பானெட்டைத் திறந்து நாலு பேருக்குக் காட்டத்தான் அது உதவும்" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பழைய325 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

போடு தம்பி, யோசிக்காதே. என் பிஎம்டபிள்யூ இ30 325iS-இல் போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது. ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்புகிறது. ராஸ்லின் ஆலையில் கட்டிய வண்டி, 2.7 எஞ்சின், வயது முப்பதுக்கு மேல். அந்த வயதில் தகரம் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். பார் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மிட்ராண்ட்_மெக்கானிக்கல் (மிட்ராண்ட், சொந்த ஊர் கோவை)

தம்பி, வாங்குவதற்கு முன்னால் அந்த பார் எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்த்துவிடலாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிட்டியிலும் அண்ணனுடைய இ30-யிலும் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒற்றைத் தூண். இதில் சக்கரத்தை மேலே பிடிக்கிற கை கிடையாது, கீழ்க் கை மட்டும்தான். சக்கரத்தை நேராக நிறுத்தும் வேலையில் பாதியை ஸ்ட்ரட்டின் தலையே பார்க்கிறது. அதனால் ஸ்பிரிங் தரும் மேல்நோக்கிய விசையோடு பக்கவாட்டு விசையும் டவரில் ஏறுகிறது.

எவ்வளவு ஏறும்? ஒரு தோராயக் கணக்கு. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம் தரையில் 4,000 நியூட்டன் பக்கவாட்டில் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்க் கையும் சக்கரமும் சேருகிற கீழ் பால் ஜாயின்ட் தரையிலிருந்து 18 செ.மீ., ஸ்ட்ரட்டின் தலை அதற்கு மேலே 57 செ.மீ. என்றால், டவரின் உச்சியில் 4,000 × 18 ÷ 57, அதாவது ஏறத்தாழ 1,260 நியூட்டன். 130 கிலோ எடைக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன விசை இல்லை.

ஆனால் அது எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதுதான் முக்கியம். இடது வளைவில் திரும்புகிறீர்கள். தரை இரண்டு டயர்களையும் இடது பக்கம் தள்ளும். கீழே இடது பக்கம் தள்ளினால், ஸ்ட்ரட்டின் தலை டவரை வலது பக்கம் தள்ளும். வலது டவருக்கும் அப்படித்தான், இடது டவருக்கும் அப்படித்தான். பக்கவாட்டு விசையை மட்டும் பார்த்தால் இரண்டு டவரும் ஒரே திசையில் சாயப் பார்க்கின்றன.

இப்போது இரண்டு டவருக்கும் நடுவில் ஒரு பாரை மாட்டுங்கள். அது டவர்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் மாறாமல் வைக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் பாரும் கூடவே போகும். கால்கள் ஆடுகிற மரப்பெஞ்சுக்கு இரண்டு கால்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு கட்டை அடித்துப் பாருங்கள், ஆட்டம் நிற்காது. மூலைவிட்டமாக ஒன்று அடித்தால் நிற்கும்.

அப்படியானால் பாருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. டயர் தரையைத் தொடும் இடம் ஸ்ட்ரட் தலையை விட வெளியே தள்ளி இருப்பதால், வண்டியின் எடையே இரண்டு டவர்களையும் எப்போதும் உள்நோக்கி நெருக்குகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த நெருக்கல் ஒரு கணம் பல மடங்காகும். வளைவில் வெளிச்சக்கரத்துக்கு எடை கூடும், உள்சக்கரத்துக்குக் குறையும், அதனால் இரண்டு பக்க நெருக்கலும் சமமாக இருக்காது. இந்த வித்தியாசங்களை பார் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அந்த அளவுக்கு அது உண்மையான வேலை.

அடுத்து, டவர் அசைவதால் என்ன கெடும்? 57 செ.மீ. உயரத்தில் டவர் 1 மி.மீ. நகர்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) 0.1 டிகிரி மாறும். மெக்ஃபர்சன் வண்டி வளைவில் சாய்வதாலேயே வெளிச்சக்கரம் தரையைப் பொறுத்து ஒன்று, இரண்டு டிகிரி மாறிவிடும். ஸ்ட்ரட் தலையில் இருக்கும் ரப்பர் டாப் மவுண்ட் தேய்ந்திருந்தால் அதுவே மில்லிமீட்டர் கணக்கில் ஆடும். நல்ல நிலையில் உள்ள பாடியில் டவர் அவ்வளவு நகராது.

"சேசிஸ் விறைப்பு இரட்டிப்பு" என்பது சும்மா விற்பனைப் பேச்சு. சேசிஸ் விறைப்பு என்று அளப்பது முறுக்கு விறைப்பை: பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தைத் திருகினால் ஒரு டிகிரிக்கு எவ்வளவு திருகுவிசை வேண்டும் என்பது. அதைத் தருவது தரை, கூரை, தூண்கள், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு), கதவுக்குக் கீழே ஓடும் சில் எல்லாம் சேர்ந்த பெட்டி வடிவம். கூரையை வெட்டிய கன்வெர்ட்டிபிள் ஏன் நடுங்குகிறது என்பதும் இதனால்தான். முன்னால் குறுக்கே போட்ட ஒற்றைக் குழாய் அந்த முறுக்கின் பாதையிலேயே இல்லை.

கேப்_எம்எக்ஸ்5 (கேப் டவுன்)

எனக்கு இந்தக் கேள்வி எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த பாரை மாட்டியிருக்கிறார்கள். ஆனால் எம்எக்ஸ்-5-இல் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒரு கை, கீழே ஒரு கை. என்னுடைய பழைய மாடலில் மேல் கை சப்ஃபிரேமில் (பாடிக்குக் கீழே தனியாக உள்ள சட்டத்தில்) பிடித்திருக்கிறது. ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக்கும்) மட்டும்தான் டவரைத் தொடுகின்றன. அண்ணா கணக்குப் போட்ட பக்கவாட்டுத் தள்ளல் எங்கள் டவருக்கு அநேகமாக வருவதே இல்லை.

என் வண்டியில் முன் உரிமையாளர் மாட்டிய பார் இருந்தது. கில்லார்னி ரேஸ் டிராக்கில் டிராக் டே போனபோது ஒரு சோதனை செய்தோம். நான் ஹெல்மெட்டோடு தள்ளி நின்றுகொள்வேன், தோழி பானெட்டைத் திறந்து பார் போல்ட்டை ஒரு தடவை இறுக்கி வைப்பாள், ஒரு தடவை தளர்த்தி வைப்பாள், சில தடவை சும்மா திறந்து மூடுவாள். எது எது என்று அவளுடைய தாளில்தான் இருக்கும். கடைசியில் என் ஊகத்தையும் அவள் தாளையும் ஒப்பிட்டால், காசு சுண்டிப் போட்டுச் சொன்னது போலத்தான் வந்தது. ஸ்டாப்வாட்சிலும் ஒன்றும் தெரியவில்லை. டயர் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது.

அதனால் @பழைய325 அண்ணா, மாட்டிய அன்றே தெரிந்த வித்தியாசத்தை நான் அப்படியே நம்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய325

கோபம் எல்லாம் இல்லை அம்மா. ஆனால் உன் வண்டி டபுள் விஷ்போன், என்னுடையது ஸ்ட்ரட். உன் சோதனை உன் வண்டிக்கு. அப்புறம் ஒன்று கேட்கிறேன். பிஎம்டபிள்யூ கம்பெனிக்காரனே எம்3-இல் பார் வைத்து விற்கிறானே, அவன் என்ன முட்டாளா? ஒவ்வொரு கிராமுக்கும் ஒவ்வொரு சென்ட்டுக்கும் கணக்குப் பார்க்கிறவன், உபயோகம் இல்லாத குழாயை எதற்கு வைக்கிறான்?

தகரம்தட்டி (வெருலம்)

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் பேனல்பீட்டர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

என் கடைக்கு வரும் சிட்டி கோல்ஃப்களில் ஸ்ட்ரட் டவரைத்தான் முதலில் பார்ப்பேன். உம்கேனி ஆற்றுக்கு இந்தப் பக்கம், கடலோரமாக நிறுத்துகிற வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். உப்புக் காற்று சும்மா விடாது. டவரும் உள் ஃபெண்டரும் சேருகிற மடிப்பில் ஸீலர் இருக்கும். அதை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். கீழே பழுப்புத் தூள் வந்தால் கதை வேறு. ஸ்பாட் வெல்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் கோடு தெரிந்தால் பெயின்ட் மட்டும்தான் விட்டிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்படிப்பட்ட வண்டியில் பார் மாட்டினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏனென்றால் டவர் நிஜமாகவே ஆடுகிறது. ஆனால் அது மருந்து இல்லை. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டிய இடத்தை ஒரு குழாயால் முட்டுக்கொடுத்து ஓட்டுகிறீர்கள். ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது டவர் கிழிந்து மேலே வரும். பானெட்டில் உள்ளிருந்து மேடு தட்டிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சங்கதி. ஒரு பக்கச் சக்கரத்தில் பலமான அடி பட்டால், பார் இல்லாத வண்டியில் அந்தப் பக்க டவர்தான் நகரும். பார் இருந்தால் அது அடுத்த டவரையும் இழுத்தோ தள்ளியோ விடும். ஜிக்கில் (பாடியை அளந்து நிமிர்த்துகிற சட்டத்தில்) ஏற்றினால் இரண்டு பக்கமும் அளவு விலகி இருக்கும், வேலை இரட்டிப்பு. இன்ஷூரன்ஸ் வைத்திருந்தால் பார் மாட்டியதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அதைக் காட்டி இழுத்தடிக்க இடம் வைக்காதீர்கள்.

மிட்ராண்ட்_மெக்கானிக்கல்

@தகரம்தட்டி அண்ணா, நான் ஒரு பக்கத்துக்கு எழுதியதைவிட நீங்கள் சொன்ன நகக் கீறல் தம்பிக்கு அதிகம் உதவும்.

@பழைய325 அண்ணா, நல்ல கேள்வி. கம்பெனி என்ன வைக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது. இ46 எம்3-இல் டவர் பார் உண்டு, சரி. ஆனால் அதோடு கீழே சப்ஃபிரேமுக்கு அலுமினியத் தகடும் போட்டார்கள். பிறகு வந்த இ90-இல் பானெட்டைத் திறந்து பாருங்கள்: டவரிலிருந்து டவருக்குக் குழாய் போகவில்லை, இரண்டு டவரிலிருந்தும் ஃபயர்வால் பக்கம் சாய்வாக இரண்டு கம்பிகள் போகின்றன. 2014-இல் வந்த எஃப்80 எம்3-இல் கார்பன் ஃபைபர் பிரேஸ், எடை 1.5 கிலோ. அதுவும் நேர்க்குழாய் இல்லை, வளைந்து சுற்றிப் பல இடங்களில் பிடிக்கிறது. முதல் டொயோட்டா 86-இலும் டவரிலிருந்து ஃபயர்வாலுக்கு V வடிவில்தான் வைத்தார்கள்.

இதுதான் நான் சொன்ன மூலைவிட்டம். ஃபயர்வால் பெரிய, விறைப்பான தகடு. டவரை அதோடு முக்கோணமாகக் கட்டினால், இரண்டு டவரும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்வதையும் தடுக்கலாம், முன்னும் பின்னும் ஆடுவதையும் தடுக்கலாம். கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. கடையில் விற்கிற நேர்க்குழாய் அவன் வைத்ததைப் போலத் தெரிகிறதே தவிர அதே சாமான் இல்லை.

பார் வாங்கத்தான் போகிறேன் என்றால் அதன் வடிவத்தைப் பாருங்கள், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள ஸ்டீல் குழாய், ஒரு மீட்டர் நீளம், நேராக இருந்தால் 1,000 நியூட்டன் அமுக்கத்துக்கு 0.04 மி.மீ.கூடச் சுருங்காது. அதே குழாயை எஞ்சினுக்கு இடம் விட்டு நடுவில் 6 செ.மீ. வில்லாக வளைத்து, இரண்டு முனையிலும் ஒற்றைப் போல்ட்டில் மாட்டினால், அதே 1,000 நியூட்டனுக்குக் கிட்டத்தட்ட 1 மி.மீ. விட்டுக்கொடுக்கும். ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு விறைப்புதான் மிச்சம். அலுமினியம் என்றால் அதே அளவுக் குழாயில் இன்னும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பளபள என்று நீல நிறத்தில், அழகாக வளைந்து, முனையில் ஆடும் போல்ட்டோடு வருகிற பார்தான் எல்லோரும் ஆசைப்பட்டு வாங்குவது. என்ன செய்வது!

சாட்ஸ்வர்த்_சிட்டி

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. அந்தப் பையனுடைய பார் நேர்க்குழாய்தான், ஸ்டீல், ஆனால் முனையில் திருகி நீட்டிக் குறைக்கிற மாதிரி இருக்கிறது. "மாட்டிவிட்டு நன்றாக முறுக்கி டவரை வெளியே தள்ளி வை, அப்போதுதான் விறைப்பு வரும்" என்கிறான். அப்படிச் செய்யலாமா? பின்னாலும் ஒன்று போடச் சொல்கிறான். கீழ் பார் என்று ஒன்றும் இருக்கிறதாமே?

மிட்ராண்ட்_மெக்கானிக்கல்

முறுக்கித் தள்ளுவது: வேண்டாம். போல்ட் துளையில் உள்ள ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் விறைப்பு கூடாது, இரண்டு பக்கக் கேம்பரும்தான் மாறும். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது மாட்டுங்கள், ஜாக்கில் தொங்கும்போது அல்ல.

பின் பார்: உங்கள் வண்டியில் பின்னால் டுவிஸ்ட் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கிற, முறுக்கு தாங்கும் குறுக்குச் சட்டம். பக்கவாட்டு விசையை பீமின் முன் புஷ்கள் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளைகள்) வாங்கிக்கொள்கின்றன, பின் டவருக்கு ஏறுவது பெரும்பாலும் மேல்நோக்கிய விசைதான். மார்க்கெட் சாமானை வைக்க இடம் போகும், அவ்வளவுதான் பலன். இ30-யிலும் பின்னால் ஸ்பிரிங் தனி, டேம்பர் தனி. டவரைத் தொடுவது டேம்பர் மட்டும்.

கீழ் பார்: இதற்கு என் ஓட்டு உண்டு. வளைவில் மேலே 1,260 நியூட்டன் என்றால், கீழ்க் கையில் டயர் விசையும் இதுவும் சேர்ந்து 5,260 வருகிறது. நாலு மடங்குக்கு மேல். முதல் தலைமுறை கோல்ஃபில் கீழ்க் கைகளின் முன் பிடிகளை இணைக்கிற பாரை ரேஸ் ஓட்டுகிறவர்கள் மேல் பாருக்கு முன்பே மாட்டுவது இதனால்தான். ஆனால் அதுவும் புஷ்களுக்குப் பிறகு. நீங்கள் சொன்ன அந்த "ஒரு கணம் யோசிப்பது", பள்ளத்தில் இழுப்பது, இரண்டும் கீழ்க் கையின் பின் புஷ் போனதற்கான அடையாளம். அதைப் பார்த்தீர்களா?

பாரை இரவல் கேட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள். இன்னொரு முனை மற்ற டவரின் மேல் சும்மா கிடக்கட்டும். அந்த முனையில் கூரான பென்சில் முள்ளை டேப் போட்டு ஒட்டி, டவரின் மேல் வெள்ளை அட்டையை ஒட்டுங்கள். பென்சில் அட்டையைத் தொட வேண்டும். பானெட்டை மூடி நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் போய் வாருங்கள். அட்டையில் விழுந்திருக்கும் கோட்டின் நீளம்தான் டவர்களுக்கு இடையிலான தூரம் மாறிய அளவு. அந்த பார் அதிகபட்சம் தடுக்கக்கூடியதும் அதே அளவுதான், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. எஞ்சின் ஆடும்போது பாரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப்_எம்எக்ஸ்5

பென்சில் யோசனை அருமை அண்ணா. பத்திரமாக ஓட்டு தம்பி, அட்டையில் கோடு நீளமாக வரவேண்டும் என்று ஓட்டாதே.

சாட்ஸ்வர்த்_சிட்டி

செய்து பார்த்தேன். முதல் தடவை அட்டை சூட்டில் கழன்று விழுந்துவிட்டது. மறுபடி தகட்டில் பெயின்ட் மார்க்கர் பூசி, பென்சிலுக்குப் பதில் தையல் ஊசி வைத்தேன்.

போத்தாஸ் ஹில் வளைவுகளை முடித்து, கடைகள் இருக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தபோது மெல்லிய கீறல், நகத்தின் விளிம்பு அளவுகூட இல்லை. பக்கத்து வண்டிக்காரர் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். திரும்பி வந்து சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு முனையில் இருக்கிற அந்தப் பெரிய பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் வேண்டுமென்றே இறக்கினேன். உடனே கீறல் நீண்டது. அப்போதும் ஒரு மில்லிமீட்டரைத் தொடவில்லை. ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) பிரேக் போட்டு நின்றதில் ஒன்றும் தெரியவில்லை.

வண்டியை ஜாக்கில் ஏற்றிக் கீழ்க் கையை நெம்புகோலால் அசைத்துப் பார்த்தேன். வலது பக்கப் பின் புஷ்ஷில் ரப்பர் பாதி கிழிந்து இரும்பு தெரிகிறது. கை முன்னும் பின்னும் விரல் தடிமனுக்கு ஆடுகிறது. இடது பக்கமும் நன்றாக இல்லை. இப்போது புரிகிறது.

பழைய325

சரி, சிட்டிக்கு முதலில் புஷ் போடு, ஒப்புக்கொள்கிறேன். என் பாரை நான் கழற்றப் போவதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது, பானெட்டைத் திறந்தால் கண்ணுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் @மிட்ராண்ட்_மெக்கானிக்கல், ஃபயர்வாலுக்குப் போகிற மாதிரி இ30-க்கு ஒன்று செய்ய முடியுமா? உள்ளே ஹீட்டர் பெட்டி இடிக்குமே.

மிட்ராண்ட்_மெக்கானிக்கல்

முடியும் அண்ணா, ஆனால் ஃபயர்வாலில் எந்த இடம் என்பது முக்கியம். நடுவில் மெல்லிய தகட்டில் இரண்டு போல்ட் போட்டால் தகடு தவளை மாதிரி உள்ளே வெளியே அடிக்கும், பலன் இல்லை. மடிப்புள்ள விளிம்பில், பின்னால் பெரிய தகட்டை வைத்து விசையைப் பரப்ப வேண்டும். வெல்டிங் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை. படம் எடுத்துப் போடுங்கள்.

தகரம்தட்டி

படம் வேண்டாம் ஐயா, வண்டியையே எடுத்து வாருங்கள், வெருலம் ஒன்றும் தூரம் இல்லை. தம்பியும் வரட்டும். புஷ் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரஸ் என்னிடம் இருக்கிறது. புது புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். முடிந்ததும் நேராக அலைன்மென்ட்டுக்குப் போய்விடு. வருவதற்கு முன்னால் டவர் மடிப்பை ஒரு துணியால் துடைத்து வை, நகத்தை நானே வைத்துப் பார்க்கிறேன்.